லங்காவியில் அம்மாவுக்கு எழுபது

ஜூன் ஒன்றாம் தேதி அம்மாவுக்கு எழுபது வயது முடிந்தது. பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. உண்மையில் அவள் பிறந்த நாள் அவளுக்கே தெரியாது. கடலூரில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிற ஆள், "தேதி இல்லாம ஒரு மனுசி வெளிநாடு போவ முடியாதுங்க" என்று சொல்லி அவரே ஒன்றைப் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

"அது அந்த ஆளு பொறந்த தேதியா இருக்கும்" என்றாள் அம்மா.

தம்பி சேகர் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டான். மலேசியாவில் லங்காவி என்று ஒரு தீவு. அங்கே ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறான். அப்போது போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பெண்ணும் அங்கேயே கட்டிக்கொண்டான். "அம்மாவுக்கு எழுபது. எல்லாரும் இங்க வந்துடுங்க, கொண்டாடிடலாம்" என்று போனில் சொன்னான். டிக்கெட்டும் அனுப்பிவிட்டான். இது 2010இல்.

நான் நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். கரும்பு ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. அரவை முடிந்து வண்டி சும்மா நின்றது. அதனால் கிளம்பினேன். என் மனைவி வரவில்லை. மாடு இரண்டு இருக்கிறது. தங்கை வளர்மதி வந்தாள். அவளைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். மச்சானுக்கு அண்ணாமலை நகரில் வேலை. "ஒரு வாரம் நானே சோறு வடிச்சுக்கறேன் மச்சான். அவ இல்லாம வூடாவது அமைதியா இருக்கட்டும்" என்று அனுப்பி வைத்தார்.

மலேசியாவில் இறங்கியதும் அம்மாவின் பையைத் திறக்கச் சொன்னார்கள். முக்காடு போட்ட பெண் அதிகாரி. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை ஒன்று. சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய். அரப்புத் தூள் ஒரு பொட்டலம், சீயக்காய் ஒரு பொட்டலம். துணியில் முடிந்த பச்சரிசி. இன்னொரு முடிச்சில் ஒற்றை ரூபாய் நாணயம்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால் ஓடி ஓடித் தேடுகிற சாமான் இவை. குளிப்பாட்ட எண்ணெய், அரப்பு, சீயக்காய். பிறந்த வீட்டிலிருந்து வருகிற கோடிப் புடவை. வாயில் போடுகிற அரிசி. நெற்றியில் வைக்கிற காசு. எதுவும் விட்டுப் போகவில்லை.

"கோடி ஏதும்மா?" என்றேன்.

"எங்கண்ணன் மவன்கிட்ட முன்னாடியே கேட்டு வாங்கிட்டன். அப்புறம் அவன் எங்க பிளேன் ஏறி எடுத்தாறது?"

அதிகாரி என்னவோ கேட்டாள். வளர்மதி பன்னிரண்டாவது வரை படித்தவள். "இதெல்லாம் எதுக்குன்னு கேக்குதுண்ணே" என்றாள்.

"நீ என்ன சொல்லப் போற?"

அவள் அதிகாரியைப் பார்த்து, "பர்த்டே" என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னாள். அரிசி முடிச்சை மட்டும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"போவட்டும். சேகரு வூட்ல அரிசி இல்லாமலா இருக்கும்" என்றாள் அம்மா.

அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன். எங்களில் கொள்ளி வைக்கிற முறை இது. அப்பாவுக்கு நான் வைத்தேன். அம்மாவுக்குச் சேகர் வைக்க வேண்டும். அப்பா போனபோது சேகருக்கு லீவு கிடைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து வந்து நான்கு நாள் இருந்தான். அம்மா அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். ஊரில் செத்தால் சின்னவன் வந்து சேர மாட்டான். பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தாலும் எத்தனை நாள் தாங்கும்? அதனால் அவன் இருக்கிற இடத்துக்குத் தானே போய்விடுவது. திரும்புவதாக இல்லை.

வளர்மதிக்கு முன்பே தெரியும். "சத்தியம் வாங்கிடுச்சுண்ணே. பெரியவன்கிட்ட சொன்னா கெளம்ப வுட மாட்டான்னு" என்றாள்.

என் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டேன்.

தீவுக்குப் போகிற படகு நம் ஊர்ப் படகு மாதிரி இல்லை. உள்ளே ஏசி. டிவியில் யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். குளிரில் பல் தந்தி அடித்தது. கால் மணி நேரத்தில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. பத்து டன் கரும்போடு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறவன் நான். அதில் வராத வாந்தி. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். ஒரு மலாய்க்காரக் கிழவி எழுந்து வந்து என் நெற்றியில் தைலம் தேய்த்தாள். அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பின் சீட்டிலிருந்த தமிழர் மாற்றிச் சொன்னார்: "ஒங்க மகனுக்குக் கடல் ஒத்துக்காதாம். காட்டு வேலைக்கு அனுப்பச் சொல்றாங்க."

"காட்லதான் கெடக்கறான்" என்றாள் அம்மா.

துறையில் சேகரும் அவன் மனைவி தேவியும் நின்றார்கள். சேகர் பருத்திருந்தான். அம்மாவைக் கட்டிப் பிடித்தான். இரண்டு ரூம் அவன் வேலை பார்க்கிற ஓட்டலிலேயே போட்டிருப்பதாகச் சொன்னான்.

"வூடு இருக்கறப்ப ரூமு எதுக்குடா?"

"கடல் பக்கத்துல இருக்கட்டும்னுதாம்மா."

"கடல நான் பாத்ததில்லையா? தேவனாம்பட்டினத்துல இருக்கறதுதான் இதுவும்."

"வூட்டுக்கு நாளைக்குப் போவலாம்."

அதே கடல் இல்லை. இங்கே அலை இல்லை. முழங்கால் தண்ணீரில் அரை பர்லாங் நடக்கலாம். மணல் வெள்ளை. குப்பை இல்லை, நாய் இல்லை, காலைக்கடனுக்கு வருகிற ஆளும் இல்லை. மறுநாள் காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரர்கள் வரிசையாக வெயிலில் மல்லாந்து கிடந்தார்கள்.

"கருவாடு காயறாப்பல காயுதுங்களே. யாரு திருப்பிப் போடுவாங்க?" என்று அம்மா கேட்டாள். அவள் அப்படிக் கேட்ட நேரத்தில் ஒருவர் தானே புரண்டு படுத்தார். வளர்மதி சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவாடு என்றதும் நினைவு வருகிறது. அந்த ஓட்டலில் காலையிலேயே சோறு. தேங்காய்ப் பாலில் வேக வைத்தது. மேலே வறுத்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, வெள்ளரிக்காய், சிவப்பாக ஒரு துவையல். துவையல் இனித்தது. அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். எங்கள் பஸ்ஸில் கருவாட்டுப் பையோடு ஏறினால் கண்டக்டர் பின்படிக்கட்டுக்குத் துரத்துவார். இங்கே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பக்கத்தில் பூவும் வைத்திருக்கிறார்கள்.

சேகருக்கு அன்றைக்கு வேலை. "வூடு?" என்று அம்மா கேட்டாள். "நாளைக்கும்மா" என்றான்.

மத்தியானம் மழை. ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். மாஸ்டர் டீயை ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றினார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரு நீங்க?" என்றார்.

"கடலூர் பக்கம். தங்கச்சி சிதம்பரம்."

"அட, நான் பரங்கிப்பேட்டைண்ணே! சிதம்பரத்துல எறங்கித்தான் நம்ம ஊருக்கு பஸ் மாறணும். சலீம்னு பேரு." டீயோடு கேட்காமலே முட்டை பரோட்டா வந்தது. மழை விடுகிற வரைக்கும் ஊர்க்கதை பேசினார். அம்மா ஒரு இடத்தில் குறுக்கே கேட்டாள்:

"ஏம்பா, இந்தத் தீவுல செத்தா என்ன செய்வாங்க?"

வளர்மதி, "எம்மா" என்று தொடையில் தட்டினாள். சலீமுக்கு அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

"எங்க வாப்பா இங்கதாம்மா மவுத்தானாங்க. காலைல போனாங்க, சாயங்காலத்துக்குள்ள அடக்கம். நான் அப்ப ஊர்ல இருந்தேன். மொகம் பாக்கலை."

"அது பரவால்லையா ஒனக்கு?"

"என்ன பண்றது? மண்ணு எங்க எழுதியிருக்கோ அங்க."

"எங்களுக்கு மண்ணு எதுவா இருந்தாலும் சரிப்பா. ஆளு வேணும்" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள்தான் பிறந்த நாள். சேகர் யாரிடமோ வேன் இரவல் வாங்கி வந்தான். மலை உச்சிக்குத் தொங்கு வண்டி போகிறது, அதைக் காட்டுகிறேன் என்றான். பாதி மலையில் வேன் நின்றுவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. சேகர் செல்போனை எடுத்தான். நான் இறங்கி முன்மூடியைத் திறந்தேன். பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு கல்லை எடுத்துச் சுரண்டினேன். சேகர் வந்து குடை பிடித்தான். பெண்கள் மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள்.

"அம்மா திரும்பிப் போறதுக்கு வரலைடா" என்றேன்.

"தெரியும்ணே. வளரு போன்ல சொல்லிச்சு."

"நீ என்ன சொல்ற?"

அவன் குடையை மாற்றிப் பிடித்தான். "முடியாதுண்ணே."

"ஒன் வூட்ல ஒரு ரூமு காலியா கெடக்குதுன்னு அம்மாகிட்ட போன்ல நீதான சொன்ன?"

"பேச்சுக்குச் சொன்னண்ணே. அம்மா நிசமா வருமுன்னு யாரு கண்டா? நீ சொல்லிடேன் அம்மாகிட்ட. நீ சொன்னா கேக்கும்."

"நான் சொல்ல மாட்டன். ஒன் வூட்டக் காட்டு. அதுவே பாத்துக்கும்."

முனையைத் தட்டி இறுக்கினேன். வண்டி கிளம்பியது. மேலே போனால், மழைக்குத் தொங்கு வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கு ஒரு இளநீர் குடித்துவிட்டு இறங்கினோம்.

சாயங்காலம் ஓட்டலில் கேக். சேகரோடு வேலை பார்க்கிறவர்கள் பத்துப் பேர் வந்து கைதட்டிப் பாடினார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், ஒரு வங்காளி. அம்மா தலையில் சேகர் காகிதக் கிரீடம் ஒன்றை வைத்தான். அப்பா போனபிறகு அம்மா தலையில் பூ வைத்ததில்லை. கிரீடத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். "அத்தே, இங்க பாருங்க லா, சிரிங்க லா" என்று தேவி போட்டோ எடுத்தாள். அந்த ஊர்த் தமிழர் பேச்சில் கடைசியில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும். தேவி நல்ல பெண். அதையும் சொல்ல வேண்டும்.

அம்மா முதல் துண்டைச் சேகர் வாயில் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் இங்கயே இருந்துடறன்டா. ஒனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல. ஒரு மூலையில பாயப் போட்டுக்கறன். ரொம்ப நாளு இருக்க மாட்டன்."

சேகர் வாயில் கேக்கோடு நின்றான். தேவி போனைக் கீழே இறக்கிவிட்டாள். பாட வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை கைதட்டினார்கள்.

"நாளைக்கு வூட்டுக்கு வாம்மா. பேசிக்கலாம்" என்றான்.

நான்காம் நாள் போனோம். வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் செம்பருத்தி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வாசலில் தேவியின் அம்மா நின்று வரவேற்றார். அவர் எதற்கு இங்கே இருக்கிறார் என்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. உள்ளே போனதும் விளங்கியது. கூடத்தில் கட்டில். கட்டிலில் தேவியின் அப்பா. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். வீடு அவர்களுடையது. சேகர் அங்கே வீட்டோடு மாப்பிள்ளை. இருக்கிற இரண்டு அறையில் ஒன்று தேவிக்கும் அவனுக்கும். மற்றது முழுக்கச் சாமான்.

சேகர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனான். மாமனாரைப் பக்கவாட்டில் புரட்டினான். கீழ்த்துணியை உருவினான், துடைத்தான், பவுடர் போட்டான், புதுத் துணியைச் செருகினான். முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டினான். வழிந்ததைத் தன் விரலாலேயே வழித்தான்.

எங்கள் அப்பா ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்தார். அதையெல்லாம் நானும் என் மனைவியும் செய்தோம். ஆகவே எனக்குத் தெரியும். சேகருடையது பழகின கை. வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்கிறவனுக்கு அந்தப் பதம் வராது.

அம்மா நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவியின் அம்மா நாற்காலியைத் தூக்கிப் போட்டார். "உக்காருங்க சம்பந்தியம்மா. மாப்பிள்ளை இல்லேன்னா நாங்க இல்லீங்க. எங்களுக்குத்தான் ஆம்பளப் பிள்ளை இல்லையே. இவருக்குக் கொள்ளி வைக்கிறது வரைக்கும் மாப்பிள்ளை பொறுப்புன்னு வாக்குக் குடுத்திருக்காரு. உங்க வளர்ப்பு, வேற என்ன சொல்ல?" அவர் மனசாரத்தான் சொன்னார்.

"எப்ப குடுத்தான் வாக்கு?" என்று அம்மா உட்கார்ந்தபடி கேட்டாள்.

"கல்யாணம் பேசறப்பவே."

அம்மா சேகரைப் பார்த்தாள். அவன் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ப எனக்குடா?"

அவன் திரும்பவில்லை. கிண்ணத்தை இன்னொரு தடவை கழுவினான். "அண்ணன் இருக்குதேம்மா" என்றான். "அண்ணன் வெச்சா என்ன, நான் வெச்சா என்ன. ரெண்டும் ஒண்ணுதான்."

வளர்மதி, "ஏண்டா, உசிரோட உக்காந்திருக்கு, அதும் மூஞ்சிக்கு நேரா பங்கு பிரிக்கிற?" என்று சத்தம் போட்டாள். தேவி அழுதாள். "அத்தே, ரெண்டு மாசம் வந்து இருங்க, விசா எடுக்கலாம் லா" என்றாள். கட்டிலில் இருந்தவர் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பேச்சு வராது.

அம்மா எழுந்து கட்டிலண்டை போனாள். அவர் காலைத் தொட்டாள். "காலு சில்லுனு கெடக்குது. காலுறை இருந்தா மாட்டி வுடுங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"படகு எத்தினி மணிக்குடா?"

"நாளைக்குத்தானம்மா."

"நாளைக்குத்தான் கேக்கறன்."

அங்கே சாப்பிட்டோம். கோழிக் குழம்பு, ரசம், அப்பளம். அம்மா தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். "ரசம் நல்லா இருக்குது" என்று சம்பந்தியிடம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் துறையில் சேகர் அம்மா காலில் விழுந்து அழுதான். சாக்லேட் டப்பா மூன்று கொடுத்தான். என்னிடம் வந்து, "மனசுல வெச்சுக்காதண்ணே" என்றான். நான் பையைப் படகில் ஏற்றினேன். அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. மாமனாரை அவன் துடைத்ததைப் பார்த்துவிட்டேன். அதனால் அடிக்கவும் முடியவில்லை.

திரும்பும்போது எனக்கு வாந்தி வரவில்லை. கடல் அப்படியேதான் இருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். வளர்மதி இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டாள். அந்த வழி முழுக்க அம்மா பேசியது ஒன்றே ஒன்று. சென்னையிலிருந்து வருகிற பஸ்ஸில், புதுச்சேரி தாண்டியதும் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் நீயே வெச்சா ஊரு அவன என்னா பேசும்?"

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டியது எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவன் போன ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருந்ததுதான். "ஒண்ணும் பேசாது" என்றேன்.

கடலூரில் நாங்கள் இறங்கினோம். வளர்மதி அதே பஸ்ஸில் சிதம்பரத்துக்குப் போனாள். நாங்கள் வேறு பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. எதிர்வீட்டுக் கஸ்தூரி அக்கா குழாயடியில் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கும் அம்மா முன்பே சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"இன்னாம்மா, சின்னவன்கூடவே இருந்துடறன்னு போன? திரும்பி வந்து நிக்கற?"

"அவன் இருன்னுதான் சொன்னான். கால்ல வுழுந்து அழுவறான்" என்றாள் அம்மா. "இவன்தான் கேக்கல. நீ இல்லாம வூடு வூடா இருக்காது, வா போவலாம்னு கையப் புடிச்சு இழுத்தாந்துட்டான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நெசமாவா?"

"ஆமாங்க்கா" என்றேன்.

அப்படி நான் கூப்பிடவில்லை. அந்த ஐந்து நாளில் ஒரு தடவைகூட, வாம்மா வீட்டுக்குப் போகலாம் என்று என் வாயிலிருந்து வரவில்லை. அம்மா அதைக் கேட்பதற்குக் காத்திருந்திருக்கிறாள் என்பது குழாயடியில்தான் எனக்குத் தெரிந்தது.